சினிமாவின் நீளமும் பாமர மக்களின் நேரமும்



அந்தியூர் சந்தைக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்திருந்த நண்பர் ஒருவர், சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, இந்தக் காலத்து சினிமாப் படமெல்லாம் ரொம்ப நீளமாப் போச்சுங்களே, இதைப்பத்தி உங்க அபிப்பிராயம் என்னங்க?" என்பதே அக்கேள்வி. பக்கத்திலிருந்த மற்றொருவர் நம்மைப் பதில் சொல்லவிடாமல் குறுக்கிட்டு, "குடுக்கற காசுக்கு மூணு மணி நேரம் ஓடுனாத்தானுங்க கட்டும். ரண்டு மணி நேரத்துல வெளிய தள்ளிப்போட்டா யாருங்க போவாங்க?" என்றார். இருவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இருவர் பேச்சிலும் நியாயமிருப்பதாகவே நமக்குத் தோன்றிற்று. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விவரமாகவே யோசிக்க வேண்டியதாயிருக்கிறது.

"நாட்டில் எத்தனையோ பெரிய காரியங்கள் கிடக்க, சினிமா நீளத்தைப் பற்றியா பேசுவது?" என்று சிலர் கேட்கக்கூடும். பணக்காரனுக்கு நிலமுண்டு, வீடுண்டு, வட்டியுண்டு. ஏழைக்குச் சொந்தமாக இருப்பது அவனுடைய உடம்பும் நேரமும்தான். அந்த நேரத்தில் மூன்று மணியை எவன் வாங்கிக்கொண்டாலும், அதற்கு என்ன திருப்பிக் கொடுத்தான் என்று கேட்பது சில்லறைக் காரியமாகாது.

முதலாவதாக, "இந்தக் காலத்துப் படங்கள்தான் நீளம், எங்கள் காலத்தில் எல்லாம் அளவாக இருந்தது" என்று பெரியவர்கள் சொல்லுவது மெய்தானா என்று பார்ப்போம். 1895-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் பத்து. அவற்றில் ஒன்றாவது ஒரு முழு நிமிஷம் ஓடவில்லை. நம் கொங்கு நாட்டுக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையையும் கட்டினார். 1931-இல் "காளிதாஸ்" வந்து படம் பேசவும் பாடவும் தொடங்கிற்று. அதன்பிறகு நீளத்துக்குக் கேட்க வேண்டுமா? 1948-இல் வந்த "சந்திரலேகா" சுமார் மூன்றரை மணி நேரம். 1952-இல் வந்த "பராசக்தி" மூன்று மணிக்கு மேல். 1958-இல் வந்த "நாடோடி மன்னன்" மூன்றரை மணியையும் தாண்டிற்று. ஆகவே அந்தக் காலம் எல்லாம் அளவு, இந்தக் காலம் எல்லாம் அதிகம் என்பது வெறும் பழம்பெருமையே ஒழிய வேறில்லை. பழையது என்பதற்காக எதையும் நம்பிவிடக்கூடாதென்பது சினிமாவுக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தக் காலத்தில் நீளத்துக்கு ஒரு கடிவாளமாவது இருந்தது. படச்சுருள் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. ஒரு நிமிஷத்துக்கு 90 அடி சுருள் ஓடும். ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் முதலாளியின் பணம் கரையும். எடுத்த படத்துக்குப் பிரதி போட வேண்டும். அந்தச் சுருள்களைப் பெட்டியில் அடைத்து ஒவ்வொரு ஊருக்கும் அனுப்ப வேண்டும். ஆகவே டைரக்டர் கையை நீட்டினால் முதலாளி பையை இறுக்குவார். இன்றைக்கோ சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை. காமிரா எவ்வளவு ஓடினாலும் ஒரு சிறு தகட்டில் பதிந்துவிடுகிறது. ஒரு காட்சியைப் பத்துத் தடவை எடுத்தாலும் சுருள் செலவென்று ஒன்று கிடையாது. எடுப்பதில் சிக்கனம் போயிற்று. வெட்டுவதற்கு மனமும் வருவதில்லை.

கடிவாளம் போட்டால் கலை செத்துவிடும் என்பாருக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது படச்சுருளுக்குப் பஞ்சம் வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் உத்தரவிட்டது. கணக்குப் போட்டால் சுமார் இரண்டு மணி நேரம். அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 1944-இல் வந்ததுதான் தியாகராஜ பாகவதர் நடித்த "ஹரிதாஸ்". கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட அந்தப் படம், சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிற்று. அதன் பக்திக் கதை நமக்கு ஒப்பாததுதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஜனங்களின் மனதைப் பிடித்து நிறுத்த முடியுமென்பதற்கு அது சாட்சி. "கொடுத்த காசுக்கு நேரம் போதவில்லை" என்று எவரும் கொட்டகையைக் கொளுத்திவிடவில்லை.

நிற்க, நீளமே குற்றம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் வந்த "புஷ்பா 2" என்ற தெலுங்குப் படம் 3 மணி 20 நிமிஷம். ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். அது போதாதென்று மறுமாதமே இன்னும் 20 நிமிஷத்தைச் சேர்த்து மறுபடியும் வெளியிட்டார்கள். மேல்நாட்டிலும் இதே கதைதான். 2023-இல் வந்த ஓர் அமெரிக்கப் படம் 206 நிமிஷம். அங்கே இடைவேளை விடும் வழக்கங்கூட இல்லாததால், மூன்றரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டிய விஷயம் அவ்வளவு இருந்தால் நான்கு மணி நேரமும் நான்கு நிமிஷமாய்ப் போகும். விஷயமில்லாவிட்டால் ஒன்றரை மணியும் ஒரு யுகமாகத் தோன்றும். வீண் நீளம்தான் குற்றம்.

வீண் நீளம் எது என்று எப்படி அறிவது? சினிமாக்காரர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். 2024 ஜூலை 12-இல் "இந்தியன் 2" மூன்று மணி நேரப் படமாக வந்தது. சில நாளைக்குள் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் "மெய்யழகன்" வந்தது. நல்ல படமென்று பெயர் வாங்கிய அதிலும் சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். முழு நீளமே எங்களுக்குப் பிடித்தது என்றவர்களும் அதற்கு இருந்தார்கள். நவம்பரில் "கங்குவா" வந்தது. அதிலும் 12 நிமிஷம் போயிற்று. வெட்டியது சரியா தப்பா என்பது ஒருபுறமிருக்கட்டும். நாம் கேட்பது இதுதான்: வெட்டத்தக்கது என்று இன்று தெரிகிற 12 நிமிஷம், படம் வருமுன் தெரியாமற் போனதேன்? முதல் நாளே முண்டியடித்துக்கொண்டு அதிகப் பணம் கொடுத்துப் பார்த்தவனுக்கு அந்த 12 நிமிஷத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? வெற்றிலைக் கட்டின் நடுவே அழுகல் இலையை வைத்துக் கட்டிவிட்டு, வாங்கினவன் சத்தம் போட்ட பிறகு அடுத்த கட்டிலிருந்து அதை எடுத்துவிடுகிற வியாபாரியை அந்தியூர் சந்தையில் யோக்கியன் என்று ஒப்புக்கொள்வோமா?

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 500 பேர் உட்காரும் கொட்டகையில் ஒரு காட்சியில் 20 நிமிஷம் வீணானால், 10,000 மனித நிமிஷங்கள் வீணாகின்றன. எட்டு மணி நேர வேலை என்று பார்த்தால், ஒரு மனிதன் சுமார் 21 நாள் பாடுபடும் நேரம் அது. ஒரே கொட்டகையில் ஒரே காட்சிக்கு இவ்வளவென்றால், நாடு முழுதும் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த வீண் நீளம் எங்கிருந்து வருகிறது? கதையிலிருந்து வருவது கொஞ்சம். பக்தியிலிருந்து வருவதே அதிகம். கதாநாயகன் முதன்முதலாகத் திரையில் வருவதைப் பாருங்கள். முதலில் கால் தெரியும். பிறகு கை தெரியும். பிறகு முதுகு தெரியும். புகை வரும், காற்றடிக்கும், கூட்டம் விலகும், மேளம் முழங்கும். கடைசியில்தான் முகதரிசனம். உற்சவ மூர்த்தி புறப்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாசலைத் தாண்டுகிற ஒரு மனிதனுக்கு மூன்று நிமிஷம் ஆவானேன்? வெளியே கட்-அவுட்டுக்குப் பாலைக் கொட்டுகிறவன் உள்ளே இருக்கும்வரையில், முதலாளி தரிசன நேரத்தைக் கூட்டிக்கொண்டுதான் போவார். கோயிலில் கல்லுக்குப் பாலை ஊற்றுவது மடமை என்று ஒப்புக்கொண்ட வாலிபர்கள் சிலர், அட்டைக்குப் பாலை ஊற்றுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆகவே படம் நீண்டதற்குக் குற்றவாளிகளைத் தேடினால் டைரக்டர், முதலாளி, நட்சத்திரம் ஆகியோரோடு கைதட்டுகிற நாமும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்களே.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். "நம் பாட்டனார் காலத்தில் தெருக்கூத்து விடிய விடிய நடந்ததே, பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பல ராத்திரி பாடினார்களே, அப்போது சலிக்காதது இப்போது மூன்று மணியில் சலிக்கிறதா?" என்பார்கள். கேள்வி சரியானதே. ஆனால் கூத்துப் பார்த்தவன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தான். தூக்கம் வந்தால் தூங்கினான். நடுவில் எழுந்துபோய் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தான். டிக்கெட் கிடையாது, பஸ் கிடையாது, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை அழுதால் வெளியே போகச் சொல்லுவாரும் கிடையாது. அங்கே நேரத்துக்கு எஜமான் பார்க்கிறவன். இங்கே நேரத்துக்கு எஜமான் காட்டுகிறவன். இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

அன்றியும், நீளத்தால் நஷ்டப்படுகிறவர் எல்லோரும் ஒரே மாதிரி நஷ்டப்படுவதில்லை. பட்டணத்தில் கைப்பேசியில் டிக்கெட் வாங்குகிறவர், படம் எத்தனை மணி நேரமென்று பார்த்துக்கொண்டே வாங்குகிறார். சொந்த வண்டியில் வந்து சொந்த வண்டியில் போகிறார். பர்கூர் மலைக்கு ஏற வேண்டியவருக்கோ கடைசி பஸ் இருக்கிறது. சாயங்காலக் காட்சி இரண்டரை மணிக்குள் முடியுமென்று நம்பி வந்து, விளம்பரமும் இடைவேளையும் சேர்ந்து மூன்றரை மணியாகிவிட்டால், பஸ் போய்விடும். அதைவிடக் கஷ்டம் பெண்மக்களுடையது. ஆண் ஒன்பது மணிக்கு எழுந்தாலும் கேட்பாரில்லை. பெண் விடியுமுன் எழுந்து பால் கறந்து, சோறாக்கி, பிறகு களையெடுக்கப் போக வேண்டும். "அவ்வளவு நேரமா? எனக்கு வேண்டாம், நீங்களும் பசங்களும் போய்வாங்க" என்று எத்தனை வீட்டில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள்! படம் அரை மணி நீண்டால் வீட்டில் ஒரு பெண்ணின் இடம் குறைகிறது என்பதை எந்த டைரக்டராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

சரி, என்ன செய்யலாம்? 11,000 அடிபோல் மறுபடியும் ஒரு சட்டம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கலைக்குச் சர்க்கார் அளவுகோல் வைப்பது ஆபத்தான காரியம். இன்று நீளத்தை அளப்பவன் நாளைக்குக் கருத்தையும் அளப்பான். நாம் கேட்பவை சாதாரணமானவை. படத்தின் நீளம் தணிக்கைச் சர்ட்டிபிகேட்டில் எழுதப்பட்டே இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அதைத் திரையில் காட்டுகிறார்கள். அதையே சுவரொட்டியிலும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலிலும் போட்டு, காட்சி விடும் நேரத்தையும் எழுதி வைக்கட்டும். வெட்ட வேண்டியதை வெளியிடுமுன் நாலு ஊர் ஜனங்களுக்குக் காட்டிப் பார்த்து வெட்டட்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. "எத்தனை மணி நேரம் ஓடிற்று?" என்று கேட்பதை விட்டு, "அத்தனை மணி நேரமும் என்ன சொல்லிற்று?" என்று கேட்கப் பழக வேண்டும். மஞ்சளை நிறுத்து வாங்கும் வியாபாரிகூட எடையை மாத்திரம் பார்த்து விலை சொல்லுவதில்லை. ஈரம் இருக்கிறதா என்று ஒடித்துப் பார்த்துத்தான் விலை சொல்லுகிறான். மஞ்சளுக்குக் காட்டுகிற புத்தியைச் சினிமாவுக்குக் காட்டக்கூடாதென்று எந்த சாஸ்திரத்திலும் எழுதியில்லை. எழுதியிருந்தால் அதையும் ஒடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே சந்தையில் கேட்ட நண்பர்கள் இருவருக்கும் நமது பதில் இதுதான். முதலாமவரே, படம் நீளமானதற்காக வருந்தாதீர்கள். உங்கள் நேரத்துக்கு விலையில்லை என்று ஒருவன் நினைப்பதற்காக வருந்துங்கள். இரண்டாமவரே, கொடுத்த காசுக்கு மூன்று மணி நேரம் கேட்கிறீர்கள். காசு மாத்திரமா கொடுத்தீர்கள்? அந்த மூன்று மணி நேரத்தையும் நீங்கள்தானே கொடுத்தீர்கள்!