வானூரில் வீடு, புதுச்சேரியில் வேலை: கம்ப்யூட்டர் டெக்னீஷியனுக்கு எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?

வானூரிலிருந்து புதுச்சேரிக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் போறீங்களா? சம்பளம் பேசும் முன் இதைக் கவனிங்க.

எந்த அரசின் ஊதியம்?
வீடு அல்ல, கடை இருக்கும் இடமே கணக்கு. திண்டிவனம் என்றால் தமிழக அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். எல்லை தாண்டினால் புதுச்சேரி அரசு நிர்ணயித்தது. அதுக்குக் கீழே ஒத்துக்காதீங்க. ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தா கூடுதலா கேளுங்க. பெட்ரோல் செலவைத் தனியா பேசுங்க.

கைக்கு எவ்வளவு வரும்?
அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து ரூ.12,000 என வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12% (ரூ.1,440), இ.எஸ்.ஐ. 0.75% (ரூ.90) போக ரூ.10,470 வரும். பிடித்தமே இல்லாத ரூ.11,000 பெரிசா தெரியும். ஆனா அதில் முதலாளியின் பி.எஃப். பங்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் கிடையாது.

'3 மாசம் ட்ரெயினிங், சம்பளம் இல்லை' என்றால்?
முறையான அப்ரண்டிஸ் ஒப்பந்தம் இருந்தாலே உதவித்தொகை தரணும். ஒப்பந்தம் இல்லாமல் வேலை வாங்கினால், முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு.