சொல் ஒன்று மாறினால்...

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் வாய்க்கால்களைத் தூர் வாரவேண்டும் என்று தாமிரபரணிக் கரை உழவர்கள் ஆண்டுதோறும் கேட்பதை நாம் அறிவோம். தூர் வாருவதால் புதிய வாய்க்கால் பிறந்துவிடுவதில்லை. பழையது தடையின்றி ஓடும், அவ்வளவே. ஆனால் அதைச் செய்யாது விட்டால் முதலில் காய்வது கடைமடை வயல்தான்.

சட்டங்களுக்கும் இத்தகைய தூர் வாருதல் உண்டு. 'இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்' என்று மட்டும் கூறும் சிறு திருத்தங்கள் அவை. "ஒரு சொல்லை மாற்ற ஒரு சட்டமா?" என்று நம்மில் பலர் நகைப்பதுண்டு. அந்த நகைப்பு தவறானது என்பதே என் கருத்து.

1969 சனவரி 14-ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. பெயர் மாறினால் போதுமா? பழைய சட்டங்களில் 'மெட்ராஸ்' என்றிருந்த இடங்களில் 'தமிழ்நாடு' என்று மாற்ற அவ்வாண்டே சட்டத் தழுவல் ஆணை ஒன்று வேண்டியிருந்தது. அப்படியும் எல்லாம் மாறிவிடவில்லை. நம் உயர்நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் 'மெட்ராஸ்' உயர்நீதிமன்றமே.

நம் அண்டையிலுள்ள செங்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1-இல் அது திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்முடன் இணைந்தது. இங்குள்ள சட்டங்களை அங்கு விரிவாக்க 1957-இல் வந்த சட்டம், கன்னியாகுமரி மாவட்டத்துடன் 'திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை வட்டம்' என்று குறித்தது. 1986-இல் மாவட்டம் பிரிந்தது. 'நெல்லை கட்டபொம்மன்' என்ற பெயரும் வந்தது. 1997-இல் தலைவர் பெயர்கள் நீங்க, மீண்டும் திருநெல்வேலி. 2019 நவம்பரிலோ செங்கோட்டை தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கோட்டை ஓர் அங்குலமும் நகரவில்லை. அதைக் குறிக்கும் சொற்களே நகர்ந்துகொண்டிருந்தன!

"பொருள் விளங்காதா? அதற்கெனவே 1891-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் இருக்கிறதே" என்று சட்டம் கற்றோர் கேட்கலாம். நீதிமன்றத்துக்கு விளங்கும், மறுக்கவில்லை. ஆனால் தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் ஏழை, ஒரு சொல்லின் பொருளுக்காக நீதிமன்றம் ஏற இயலுமா? பத்திரத்தில் சர்வே எண்ணின் ஓர் இலக்கம் பிழையானால், பிழைதிருத்தல் பத்திரம் எழுதி முடிப்பதற்குள் படும்பாடு நம் வீடுகளுக்குப் புதிதன்று. தனி மனிதனின் பத்திரத்துக்கே இப்பாடு என்றால், கோடி மக்களின் பத்திரமாகிய சட்டத்தில் பிழை இருக்கலாமா?

எனினும் மறுபக்கமும் ஒன்று உண்டு. சொல் மாற்றம் எல்லாமே தூர் வாருதல் ஆகிவிடாது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்றிருந்ததை, 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஆக்கியது. அச்சில் பார்த்தால் ஓர் எண்ணின் இடத்தில் வேறோர் எண். வயலில் பார்த்தால் பாதி நிலம்! அது நிலச் சீர்திருத்தம் என்று ஊரறியச் செய்யப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டிய சில சொற்களை, ஐந்து சட்டங்களிலிருந்து 2019-இல் நாடாளுமன்றம் நீக்கியது. நீங்கியவை சில சொற்கள். துடைக்கப்பட்டதோ ஒரு பெரும் இழிவு. நல்லதற்குச் சில சொற்கள் போதுமெனில், தீயதற்கும் அவ்வளவே போதும். தூர் வாருகிறோம் என்று சொல்லி மடையையே இடம் மாற்றிவிட்டால் யார் கண்டார்?

ஆகவே சிறு திருத்தங்களை எள்ளவும் வேண்டா. படியாது விடவும் வேண்டா. திருத்தம் வரும்போதெல்லாம் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே, முழுமையாக, எளிய தமிழில் அரசு வெளியிட வேண்டும். 'உட்பிரிவில் உள்ள அச்சொற்களுக்குப் பதிலாக' என்ற ஒற்றை வரி, மூலநூல் கையில் இல்லாதவனுக்குப் புதிரன்றி வேறென்ன?

நமக்கும் இதில் கடமை உண்டு. நம் வரலாற்று மன்றமும் தமிழ் மன்றமும் இணைந்து ஆண்டுக்கு ஒரு திருத்தச் சட்டத்தையேனும் எடுத்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு மாலைப்பொழுது ஆராயலாமே. பேராசிரியர்கள் வழிகாட்டினால் மாணவர் பின்தங்கமாட்டோம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பவனே நல்ல உழவன். கடைசி மனிதனுக்குச் சட்டம் விளங்கியதா என்று பார்ப்பதே கற்றவர் கடன்.