கருப்பட்டிக்கு மருந்துப் பட்டம் எதற்கு?

தென்மாவட்டங்களை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகளில் ‘கருப்பட்டிக் காபி’ பலகை வைக்காத கடைகள் குறைந்துவருகின்றன. நகரத்துத் தேநீர்க் கடைகளில் ‘நாட்டுச்சர்க்கரை டீ’க்குச் சில ரூபாய் கூடுதல். மளிகைக் கடைகளில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்திலேயே வெல்லத்தூள், பனங்கற்கண்டு, தேன், பேரீச்சம்பழப் பாகு என்று ஒரு தனி வரிசையே வந்துவிட்டது. ‘இதைச் சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

வெள்ளைச் சர்க்கரை மீது மக்களுக்கு எச்சரிக்கை பிறந்திருப்பது நல்ல சேதி. ஆனால், அந்த எச்சரிக்கை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு நிறுத்திக்கொண்டவர், கருப்பட்டி என்றதும் இரண்டு டீஸ்பூன் போட்டுக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கத் தயங்கும் தாய், தேன் குழைத்த பாலை மனநிறைவோடு கொடுக்கிறார். ‘இயற்கையானது’ என்ற நம்பிக்கை வந்ததும் அளவைப் பற்றிய யோசனை போய்விடுகிறது.

இது அலட்சியமாக விடக்கூடிய விஷயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. பக்கத்தில் இருக்கும் கேரளத்தில் 25 சதவீதத்துக்கும் மேல். புதுச்சேரியில் 26 சதவீதத்துக்கும் மேல். இப்படிப்பட்ட மண்ணில், இனிப்பில் ஒரு வகையை மருந்து என்று சொல்லி விற்பது மக்களுக்குச் செய்யும் துரோகம்.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ்தான். ஆலைச் சர்க்கரையிலும் அதேதான். தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்த சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில் தேனையும் பாகுகளையும் பழச்சாற்றையும் ஆலைச் சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் சேர்த்திருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒருவரின் அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த நிறுவனம். 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒரு டீ, மாலையில் இன்னொரு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. பிஸ்கட், மிக்சர் கடை இனிப்பு, குளிர்பானம் எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

‘வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே?’ என்று கேட்பார்கள். இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கரும்பு வெல்லத்தில் சுமார் 4.6 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால், 100 கிராம் வெல்லத்தை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூனில் கிடைப்பது 0.23 மில்லிகிராம். வளர்ந்த பெண் ஒருவருக்கு நாள்தோறும் தேவை 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்திருக்கிறது. ஒரு டீஸ்பூன் வெல்லம் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஈடுகட்டாது. போதாக்குறைக்கு அதைத் தேநீரில் கலந்து குடிக்கிறோம். தேயிலையில் உள்ள டானின் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களுக்கு வேண்டியது கீரை, பயறு, முட்டை, மீன், கறி. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. தேவையானவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரை. வெல்லத்தை நம்பி இவற்றைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

தேன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு ‘சேனை’ வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். சேனை வைக்க விரும்பும் தாத்தா பாட்டிகளின் அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த அன்பைப் பேரனின் ஆயுளுக்காக வேறு வழியில் காட்டட்டும்.

இவ்வளவும் சொன்னதால் கருப்பட்டியை ஒதுக்கிவைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அது ஒதுக்கத்தக்க பண்டம் அல்ல. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடியின் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. அதன் பின்னால் இருக்கும் உழைப்பைத் தெரிந்துகொண்டால், யாரும் அதை டம்ளரில் அள்ளிக் கொட்ட மாட்டார்கள். பனையேறி விடியுமுன் கிளம்புகிறார். இடுப்பில் அருவாப் பெட்டி, காலில் தளைநார். உச்சியில் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஊறுவது புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர். கன்னியாகுமரிப் பக்கம் அதற்கு அக்கானி என்று பெயர். பாளை காய்ந்துவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் இதே ஏற்றம், இதே இறக்கம்.

கீழே பெண்களின் வேலை. பதநீரை வடிகட்டி, விறகடுப்பில் ஏற்றிக் காய்ச்சுகிறார்கள். மணிக்கணக்கில் புகையிலும் அனலிலும் நின்று கிண்ட வேண்டும். பாகை ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு திரளும் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். பனை ஏறுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். கீழே விழுந்தால் முதுகெலும்பு போகும் இந்தத் தொழிலுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப அவர்கள் விரும்புவதில்லை. அதில் தவறும் இல்லை.

மரமேற ஆளில்லை, ஆனால் கருப்பட்டி விற்காத கடையில்லை. எங்கிருந்து வருகிறது இவ்வளவு கருப்பட்டி? பதநீரோடும் கழிவுப் பாகோடும் ஆலைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சி அச்சில் ஊற்றுவது பரவலாக நடக்கும் மோசடி. வெல்லத்திலும் இதுவே கதை. சேலம் மாவட்டத்து வெல்ல ஆலைகளில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரையை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். நிறத்தை வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைச் சேர்ப்பவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தைத் தேடி வாங்கும் நம் வழக்கம்தான் இந்த வெளுப்பை வளர்த்தது. நல்ல வெல்லம் கருத்திருக்கும், பார்வைக்கு மங்கலாகத்தான் தெரியும். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம் என்று நம்பி, அதையே பழுப்பு வண்ணத்தில் சில மடங்கு விலைக்கு வாங்கும் குடும்பங்கள் ஏராளம்.

ஆகவே, கருப்பட்டியை அதன் மணத்துக்காகவும் சுவைக்காகவும் வாங்கலாம். பனையேறியின் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகவும் வாங்கலாம். தெரிந்த உற்பத்தியாளரிடம், கூட்டுறவுச் சங்கத்தில், உரிய விலை கொடுத்து, கொஞ்சமாக. நம் வீட்டு உணவில் அது இருந்த இடமும் அப்படித்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தரும் உளுந்தங்களியில் உளுந்தும் நல்லெண்ணெயும் இருந்தன. கருப்பட்டி அவற்றோடு சேர்ந்து வந்தது. எள்ளுருண்டையில் எள், பொரிவிளங்காயில் வறுத்த பயறும் அரிசியும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் நிலக்கடலை. புரதமும் கொழுப்பும் நாரும் முன்னே நிற்க, இனிப்பு அவற்றைச் சேர்த்துப் பிடிக்க மட்டுமே பயன்பட்டது. இன்றோ இனிப்பை மட்டும் பிரித்தெடுத்துப் பாலிலும் டிகாக்‌ஷனிலும் கரைத்து, அதையே ஆரோக்கியம் என்கிறோம்.

உடலுக்குத் தெம்பு தருவது எது என்ற கேள்வியிலும் இதே குழப்பம்தான். பிள்ளைகளுக்குச் சத்துபானம் என்று டப்பா டப்பாவாக வாங்கிக் கரைத்துக் கொடுத்தோம். 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பதே காரணம். எத்தனை ஆண்டுகளாக எத்தனை பெற்றோர் அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுத்திருப்பார்கள்!

நெடுநேரம் தாங்கும் தெம்பு முழுத் தானியத்திலும் பயறிலும் இருக்கிறது. சென்னையில் அதிக எடை கொண்டவர்களிடம் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒரு சோதனை நடத்தி, 2014இல் முடிவை வெளியிட்டது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத பழுப்பரிசியைச் சாப்பிட்ட நாள்களில், 24 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை ஏறிய அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. பழுப்பரிசியோடு பயறு வகைகளும் சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. ஒரு வீட்டில் காபியின் சர்க்கரையை மாற்றுவதைவிட, தட்டில் மலைபோல் குவியும் வெள்ளைச் சோற்றைக் குறைப்பது பெரிய மாற்றம் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. பழங்களும் அப்படியே. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான, அமெரிக்காவில் 1.87 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. கொய்யாவைக் கடித்துத் தின்ன நேரமில்லை என்று ஜூஸ் குடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூடக் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் களியும் கீரைக் குழம்பும் யாரும் சொல்லித்தராமலே நின்று நிலைத்த சாப்பாடு. வெயில் காலத்தில் சென்னைத் தெருவோர வண்டிகளில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயத்தோடும் மோர் மிளகாயோடும் கிடைக்கின்றன. அதில் ஒரு துளி இனிப்புகூட இல்லை, ஆனால் வெயிலில் மூட்டை சுமப்பவர் மதியம்வரை அதில் தாக்குப்பிடிக்கிறார். அந்தத் தானியத்தையே மைதாவோடும் சர்க்கரையோடும் சேர்த்து ‘சிறுதானிய பிஸ்கட்’ ஆக்கினால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது எது என்று பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும்.

அரசுக்கும் இதில் பொறுப்புண்டு. ரேஷன் கடையில் சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2021இல் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட், ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்றது. இனிப்பின் வகையை மாற்றுவதைவிட அவசரமான வேலை இருக்கிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அது எல்லா மாவட்டங்களுக்கும் வர வேண்டும். துவரம் பருப்பு மலிவாகக் கிடைப்பதுபோல் நிலக்கடலையும் பச்சைப் பயறும் கொண்டைக்கடலையும் கிடைக்க வேண்டும். சர்க்கரை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் அட்டைதாரருக்கு அதே மானியத்தில் பயறு தரலாமே!

அரசு செய்யும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாத மளிகைச் சீட்டு எழுதும்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் என்றால், நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ. ரேஷன் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன், பேக்கரி வகை, குளிர்பானம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையும் குறைக்க வேண்டும். அந்த மூன்று கிலோவில் அரைக் கிலோ நல்ல கருப்பட்டியாக இருக்கட்டும். சீட்டில் சர்க்கரையைக் குறைத்த வரியில் ஒரு கிலோ பச்சைப் பயறு என்று எழுதுங்கள்.