விடை தெரியாத கேள்வி

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்யும் சோதனைகளின் விடை முன்பே புத்தகத்தில் இருக்கிறது. மதிப்பெண் போய்விடுமே என்று அஞ்சி, காணாததையும் கண்டதாக எழுதிவிடுகிறோம்.

அமெரிக்காவில் 2008 முதல் கல்லூரி முதலாண்டு மாணவர்கள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை மண்ணில் தேடியெடுத்து, அவற்றின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து வருகின்றனர். என்ன கிடைக்கும் என்பதை ஆசிரியரும் அறியார். இவ்வாறே தேடிய மாணவி ஒருவர் 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அழுகிய கத்தரிக்காயில் ஒரு வைரஸைக் கண்டெடுத்தார். மருந்துக்கு அடங்காத நோய்த்தொற்றால் வாடிய 15 வயதுச் சிறுமிக்கு இலண்டனில் அது வேறிரு வைரஸ்களுடன் அளிக்கப்பட்டது. அவள் உடல் தேறியதை 2019-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். அப்போது அவளுக்கும் எங்கள் வயதுதான்!

ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுக்கொருமுறையேனும் விடை தெரியாத கேள்வியொன்றை எங்களுக்குத் தாருங்கள். அப்போது கண்டதை மட்டுமே எழுதுவோம்.