காய்ச்சலோடு வேலைக்கு வருபவர்கள்

2020 ஒக்டோபர் முற்பகுதியில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த பெண்ணொருவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரியவந்தது. சில நாட்களுக்குள் அங்கு பணியாற்றியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொற்றாளர்களாக இனங்காணப்பட்டனர். அதுவரை இலங்கை முழுவதிலும் பதிவான தொற்றாளர்கள் ஏறத்தாழ 3,400 பேர். உயிரிழந்தோர் 13 பேர். அவ்வாண்டு முடிவில் தொற்றாளர் தொகை 40,000ஐத் தாண்டியது.

மார்ச் மாதம் முதல் வாரக்கணக்கில் ஊரடங்கில் கிடந்து, நோயை வென்றுவிட்டோம் என்று நாடு பெருமிதம் கொண்டிருந்த வேளை அது. கிருமி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால், ஆயிரம் பேரைப் பற்றும்வரை அது எவர் கண்ணிலும் படாதிருந்தது எப்படி என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

விடை மருத்துவத்தில் மட்டும் இல்லை. சம்பளப் பட்டியலிலும் இருக்கின்றது. நமது ஆடைத் தொழிற்சாலைகள் பலவற்றில் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலாக வருகைக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. விடுமுறை எடுத்தால் அது குறையும், அல்லது இல்லாமற்போகும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பெண், இலேசான காய்ச்சலுக்காக அதனை இழக்க முன்வருவாளா? மாத்திரையொன்றை விழுங்கிவிட்டு இயந்திரத்தின் முன் அமர்ந்துவிடுவாள். வாயிலில் வெப்பமானி பிடித்து நிற்கும் காவலாளியால் அவளை எவ்வாறு கண்டுபிடிக்க முடியும்?

மாலையில் அவள் திரும்பும் இடமும் நெரிசலானதே. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலந்தொட்டு, இத்தகைய பெண்களிற் பெருந்தொகையினர் சிறு விடுதி அறைகளைப் பலருடன் பகிர்ந்தே வாழ்கின்றனர். இருவேறு தொழிற்சாலைகளின் ஊழியர்கள் ஒரே கூரையின் கீழ் உறங்கும்போது, ஒரு தொழிற்சாலையின் மதிலுக்குள் மாத்திரம் பாதுகாப்பைத் தேடுவதில் பொருளில்லை.

நெரிசலும் காற்றோட்டமும் புதிய கண்டுபிடிப்புகளல்ல. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே இவை இரண்டையும் பற்றிப் பேசுகின்றது. காற்றோட்டமற்ற, மக்கள் நிறைந்த உள்ளிடங்களில் இக்கிருமி காற்றின் வழியே பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தெளிவாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் கை கழுவும் தொட்டிக்கும் மேசைத் தடுப்புக்கும் செலவிட்ட அளவு அக்கறை, யன்னல்களுக்கும் காற்றுவெளியேற்றிகளுக்கும் கிடைக்கவில்லை.

2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பானதும் ஆரோக்கியமானதுமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. அவ்வுரிமை தொழிற்றளத்தில் உயிர்பெற வேண்டுமாயின், நோயுற்றவர் சம்பளமோ வருகைக் கொடுப்பனவோ இழக்காமல் வீட்டிலிருக்க வழி வேண்டும். காற்றோட்டம் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும். ஒரே பிரிவில் பலர் ஒரே நேரத்தில் நோயுற்றால், அச்செய்தி உடனே பிரதேச சுகாதார அதிகாரியைச் சென்றடைய வேண்டும். அதை அறிவித்த ஊழியர் பழிவாங்கப்படலாகாது.

இவையெல்லாம் செலவு என்று முதலாளிமார் கூறக்கூடும். உண்மைதான். ஏற்றுமதிக் கட்டளை கைநழுவிப் போகும் என்ற அச்சமும் பொய்யல்ல. ஆனால், ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு, அதனைச் சூழ்ந்த ஊர்களும் முடங்கியபோது ஏற்பட்ட செலவு எவ்வளவு? அதைச் சுமந்தவர்கள் யார்?

அடுத்த கொள்ளைநோய் எந்தப் பெயரில், எந்த ஆண்டில் வரும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால், காய்ச்சலை மறைத்தால்தான் சம்பளம் முழுமையாகக் கிடைக்கும் என்ற நிலை நீடித்தால், அது எந்த வாயிலால் உள்ளே வரும் என்பதை இப்போதே கூறிவிடலாம்.