பட்டுக்குப் பகை தண்ணீர் அன்று
(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

நம் வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு பட்டுப்புடவை இருக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, திருமணத்துக்கோ கோயில் விழாவுக்கோ அது வெளியே வரும். அன்று மாலையே மடிக்கப்பட்டு மீண்டும் உள்ளே போய்விடும். "பட்டைத் துவைத்தால் கெட்டுவிடும்" என்பதே அதைப் பற்றி நாம் கற்றிருக்கும் ஒரே பாடம். அந்தப் பாடம் பாதிதான் சரி என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு ஒரு தவற்றினால் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், அம்மாவுக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, அவருடைய முகூர்த்தப் பட்டை நானே துவைத்தேன். மஞ்சள் உடல், அரக்குக் கரை. சலவைத்தூள் கரைத்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தேன். பருத்திப் புடவையைப் போலவே முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டேன். கரையின் அரக்கு மஞ்சளில் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. துணியின் பளபளப்பு போய்விட்டது. அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உடு கண்ணு, பழசு தானே" என்றார். அந்தப் புடவைக்காகத் தாத்தா ஒரு கறவை மாட்டை விற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மாயி மட்டும் பேசாமல் இருக்கவில்லை. "பட்டுக்குப் பூந்திக்கொட்டைதான் ஆகும். எங்க காலத்துல சோப்புக்கட்டியை அதுமேல படவே உடமாட்டோம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்பதே விடை.

அந்த 'ஏன்' எனக்கு இரண்டாம் ஆண்டில், நம் ஆய்வுக்கூடத்தில் விளங்கிற்று. இழைகளைப் பிரித்தறியும் சோதனை அது. ஒரு சோதனைக்குழாயில் பருத்தி நூல், மற்றொன்றில் பட்டு நூல். இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்தோம். பருத்தி அப்படியே இருந்தது. பட்டு கரைந்துபோயிற்று. எல்லோரும் முடிவைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். எனக்கோ அந்தக் குழாயில் அம்மாவின் புடவை தெரிந்தது.

பருத்தி செல்லுலோஸ். பட்டோ நம் தலைமுடியைப் போல ஒரு புரதம். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது ஃபைப்ராயின் என்ற புரத இழையைச் செரிசின் என்ற பசைப் புரதத்தால் ஒட்டுகிறது. நூலாக்கும்போது பசை நீக்கப்படுகிறது. எஞ்சிய இழையே மின்னுகிறது. புரதத்துக்குக் காரம் பகை. சூடு சேர்ந்தால் பகை பன்மடங்காகும். துணி சோப்பும் சலவை சோடாவும் காரத்தன்மை உடையவை. இப்போது வரும் சலவைத்தூள்கள் சிலவற்றில் புரதக் கறைகளைச் சிதைக்கும் நொதிகளும் சேர்க்கப்படுகின்றன. இரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் தின்னும் நொதிக்கு, கறை எது, புடவை எது என்று எப்படித் தெரியும்?

பூந்திக்கொட்டைக்கு வருவோம். அதன் தோலிலுள்ள சப்போனின் நுரைத்து அழுக்கை நீக்கும். ஆனால் அதன் நீர் காரமாக இராது, சிறிது அமிலத்தன்மையே உடையது. எங்கள் ஊரின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீர். அதில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணியின்மேல் வெண்படலமாய்ப் படியும். பூந்திக்கொட்டையில் அந்தத் தொல்லை இல்லை. "அது அப்படித்தான்" என்று அம்மாயி சொன்னதற்குள் இவ்வளவு வேதியியல் இருக்கிறது. அவருக்குக் காரணம் தெரியாது, முறை தெரியும். நமக்குக் காரணம் தெரியும், முறை தெரியாது. தேர்வில் புரதத்தின் அமைப்பை எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகும் வீட்டில் சலவை சோடாவைக் கரைக்கிறோம் என்றால், படிப்பு எங்கே நின்றுவிட்டது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

"எதற்கு வம்பு? துவைக்காமலே வைத்துவிடலாமே" என்பார் உண்டு. அதுவும் பட்டுக்குத் தீங்கே. வியர்வையின் உப்பு இழையை நாளடைவில் நைக்கும். அக்குளிலும் இடுப்பிலும் பட்டு முதலில் கிழிவது இதனால்தான். டிரை கிளீனிங் கடையில் பயன்படும் கரைப்பான்கள் எண்ணெய்க் கறையை நன்றாக நீக்கும். ஆனால் வியர்வை உப்பும் பாயசத்தின் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை. கரைப்பானில் மட்டும் அவை எளிதில் போகமாட்டா.

ஆதலால் முறையறிந்து துவைப்பதே நல்லது. அம்மாயியிடம் கேட்டும், செய்து பார்த்தும் நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன். முதலில் சாயம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். புடவையின் உள்மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தினால் தெரிந்துவிடும். சாயம் ஒட்டினால் வீட்டில் துவைக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். ஒட்டாவிட்டால், ஏழெட்டுப் பூந்திக்கொட்டைகளை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி, ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும். கரை வேறு நிறமானால் உடலையும் கரையையும் முந்தானையையும் தனித்தனியே அலசுவது பாதுகாப்பு. ஊறவைக்கக் கூடாது, இரண்டு மூன்று நிமிடம் போதும். தேய்க்கவோ அடிக்கவோ முறுக்கவோ கூடாது. நனைந்த பட்டு உலர்ந்த பட்டைவிட வலுக் குறைந்தது. நல்ல நீரில் பலமுறை அலசி, துண்டில் வைத்துச் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டைப் பழுப்பாக்கும், இழையையும் நொய்யவைக்கும். வெள்ளைப் பட்டுக்கு மட்டும் பூந்திக்கொட்டையின் பழுப்பு நிறம் ஏறக்கூடும், கவனம் தேவை.

உடுத்திய நாளன்று உடனே மடித்துவிடாமல் சில மணி நேரம் நிழலில் காற்றாட விட்டாலே பாதி வேலை முடிந்தது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே மேல். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை அறும். சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும். ஆகவே சரிகைமேல் வாசனைத் திரவியம் தெளிப்பதும், அந்துருண்டையை நேரே வைப்பதும் ஆகா.

எல்லாப் பட்டையும் வீட்டிலேயே துவைக்கலாம் என்று நான் வாதாடவில்லை. கல்லும் மணியும் பதித்தவை, சாயம் நில்லாதவை, இழை நைந்துபோன பழம்புடவைகள் ஆகியவற்றைத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை. எதைத் துவைக்கலாம், எதைத் துவைக்கலாகாது என்று அறியாமல் எல்லாவற்றுக்கும் அஞ்சுவதையே மறுக்கிறேன்.

அசல் பட்டு என்று காட்ட 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. அசலை வாங்க அது துணை செய்யும். வாங்கியதைக் காப்பது நம் பொறுப்பு. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் சிறுமுகையிலும் தறியில் உட்காரும் நெசவாளர் ஒரு புடவைக்குப் பல நாள் உழைக்கிறார். கோர்வைக் கரை என்றால் கூட ஓர் ஆள் வேண்டும். கடைக்காரர் விற்கும்போது, எப்படித் துவைப்பது என்று தமிழில் அச்சிட்ட ஒரு சிறு தாளைப் பெட்டிக்குள் வைத்தால் என்ன? பல்லாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஒரு தாள் பெரிய செலவாகாது. நம் கல்லூரியிலும், இழைகளைக் கரைத்துக் காட்டும் அதே வகுப்பில் ஒரு நாள் துவைத்தும் காட்டலாம். மாணவர்களும் வாளியைத் தொடட்டும். இது பெண்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று.

அம்மா அந்தப் புடவையைத் தூக்கி எறியவில்லை. சென்ற பொங்கலுக்கும் அதைத்தான் உடுத்தினார், அரக்குத் திட்டுகள் கொசுவத்துக்குள் மறையும்படி. மறுநாள் நானும் அம்மாயியும் அதைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி, திண்ணையின் நிழலில் விரித்தோம். போன நிறம் திரும்பவில்லை. ஆனால் புதிதாக எதுவும் போகவில்லை.