கொட்டகைக்குப் பழைய வயர் போதுமா?

வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்யும்பொழுது கழற்றப்படும் பழைய வயர் எங்கே போகிறது? பெரும்பாலும் மாட்டுக் கொட்டகைக்கு. நெசவாளர் வீடாயின் தறிக்கூடத்துக்கு. "கொட்டகைக்கு இது போதாதா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. போதாது என்பதே எமது உறுதியான அபிப்பிராயம்.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக் கிணறுகளுக்கு வரத் தொடங்கிய நாள் முதல், மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் குடியானவர் காட்டி வரும் அக்கறை பெரிது. கம்பி விஷயத்தில் அவ்வக்கறை இல்லை.

பண்ணையில் மின்கம்பிக்கு மிகப் பொல்லாத இடம் மாட்டுத் தொழுவமே. தரை எப்பொழுதும் ஈரம். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கிறது. இரும்புக் குழாய் துருவேறுகிறது. வைக்கோலை நாடி வரும் எலி வயரின் உறையைக் கொறிக்கிறது. பசுவோ நான்கு கால்களும் அகன்று, ஈரத்தில் வெறும் குளம்போடு நிற்கும் பிராணி. செருப்பணிந்த மனிதன் உணராத சிறு கசிவும் அதனை வருத்தும். பால் குறைந்தால் தீவனத்தையும் கண்ணேற்றையும் குறை கூறுவோர், தண்ணீர்த் தொட்டியருகே செல்லும் வயரையும் நோக்குதல் நலம்.

இங்கு வேண்டுவது ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புதிய செம்புக் கம்பி. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர். தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு 2.5-க்குக் குறையலாகாது; தூரம் மிகுந்தால் அதனினும் பருமன் வேண்டும். கனத்த பி.வி.சி. குழாய்க்குள், இடையில் ஒட்டு எதுவுமின்றிக் கம்பி செல்ல வேண்டும். சுவிட்சு கொட்டகைக்கு வெளியே, நனையாத பெட்டிக்குள் இருக்கட்டும். தறிக்கூடத்தில் ஈரத்துக்குப் பதில் பஞ்சுத் தூசி பகை. அது பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். ஆதலின் அங்கும் மூடிய பெட்டியே தகும்.

"பியூஸ் இருக்கிறதே" என்பர். பியூஸ் கம்பியைக் காப்பது, ஆளைக் காப்பதன்று. 5 ஆம்பியர் பியூஸ் அசையாதிருக்க, அதில் நூறில் ஒரு பங்கு மின்சாரம் உடலிற் பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இதற்கென்றே உள்ளது. அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் குழியும் அவசியம். கோடையில் அதற்கு நீர் ஊற்றுவோர் எத்தனை பேர்?

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மாட்டுக் கடன் தரும்பொழுது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், இன்ஷூரன்ஸ் கேட்கிறோம், மாடு கட்டும் இடத்தின் கம்பியை மட்டும் பார்ப்பதில்லை. கறவைக் கடனிலும் தறிக் கடனிலும் கம்பி வேலைக்கென ஒரு பகுதியைச் சேர்த்து வழங்கி, லைசென்ஸ் பெற்ற மின் பணியாளரின் சான்று வந்த பின்னரே மிகுதித் தொகையை அளிக்கலாம். தாமதமாகிறதென்று அங்கத்தினர் சிலர் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும். அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொணர நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம்.